கர்ப்பத்துக்கு முன்னாடி அம்மாவோட எடையும் பிறந்த குழந்தையோட எபிஜெனடிக்ஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் சித்தி பொண்ணு ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு போன் பண்ணி அழுதா. கல்யாணமாகி ரெண்டு வருஷம், இப்போதான் குழந்தைக்கு ட்ரை பண்றாங்க. அன்னிக்கு செக்கப்புக்கு போன இடத்துல எடை மெஷின்ல ஏத்தி நிக்க வச்சு, அத்தனை பேர் முன்னாடி "இந்த வெயிட்டோட மாசமானா உன் பிள்ளையோட ஜீனையே மாத்திடும் தெரியுமா"ன்னு சொல்லிருக்காங்க. உயரம் 155 செ.மீ., எடை 70 கிலோ. "அக்கா, நான் பெத்துக்கவே கூடாதா"ன்னு கேட்டா. நான் ரெண்டு வருஷம் ஒரு லேப்ல தொப்புள்கொடி ரத்தத்துல இருந்து டிஎன்ஏ பிரிக்கிற வேலைதான் பாத்தேன், அதனால அவகிட்ட அன்னிக்கு பேசினதையும் அதுக்கப்புறம் அவளும் அவ ஃப்ரெண்ட்ஸும் கேட்டதையும் ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன்.

எபிஜெனடிக்ஸ்னா என்ன? ஜீன் மாறிடுமா?

ஜீன் மாறாது. இதை முதல்ல மனசுல போட்டுக்கோங்க.

நம்ம எழுத்தையே எடுத்துக்கோங்க. "க"ன்னு ஒரு எழுத்து இருக்கு, அது மேல ஒரு புள்ளி வச்சா "க்" ஆயிடும். எழுத்தோட உருவம் அப்படியேதான் இருக்கு, ஆனா உள்ள இருந்த "அ" சத்தம் அடங்கிருச்சு. டிஎன்ஏவுலயும் கிட்டத்தட்ட இதேதான் நடக்குது, சில குறிப்பிட்ட இடங்கள்ல மெத்தில்னு ஒரு குட்டி வேதிப்பொருள் வந்து ஒட்டிக்கும், ஒட்டினா பக்கத்துல இருக்குற ஜீன் பல சமயம் கொஞ்சம் அடங்கி வேலை செய்யும். எல்லா இடத்துலயும் அடங்கும்னு இல்ல, எங்க ஒட்டுதுங்கிறதப் பொறுத்து மாறும். இதுக்கு பேரு மெத்திலேஷன். ஜீன் மாறாம அது வேலை செய்யுற விதம் மட்டும் இப்படி மாறுறதுக்குப் பொதுப் பேருதான் எபிஜெனடிக்ஸ். எபிஜெனடிக்ஸ்ல இன்னும் வேற சமாச்சாரங்களும் இருக்கு, ஆனா பிறந்த குழந்தைங்கள வச்சு நடந்த ஆராய்ச்சில முக்கால்வாசி இந்தப் புள்ளியத்தான் எண்ணிருக்காங்க, அதனால நானும் கீழ எல்லா இடத்துலயும் "புள்ளி"ன்னே சொல்றேன்.

ஏன் கர்ப்பத்துக்கு முன்னாடி இருந்த எடையப் பாக்குறாங்க?

கரு உண்டான உடனே முதல் சில நாள்ல, முட்டையில இருந்தும் விந்தணுவுல இருந்தும் வந்த பழைய புள்ளிகள்ல பெரும்பகுதி அழிஞ்சு, திரும்ப புதுசா வைக்கப்படுது. இது நடக்குற சமயத்துல அந்தப் பொண்ணுக்கு நாள் தள்ளிப்போனதே தெரிஞ்சிருக்காது. அப்போ உடம்புல என்ன சத்து இருந்துச்சோ, சுகர் எப்படி இருந்துச்சோ அதுதான் கருவுக்கு கிடைக்கும். அதனாலதான் மாசமானதுக்கு அப்புறம் ஏறுன எடைய விட அதுக்கு முன்னாடி இருந்த எடை மேல ஆராய்ச்சிக்காரங்களுக்கு அக்கறை.

இன்னொன்னு நடைமுறை காரணம், ஏழாம் மாசத்துல எடை பாத்தா அதுல குழந்தை, நச்சுக்கொடி, தண்ணி எல்லாம் சேந்துதான் இருக்கும், அம்மாவோட சொந்த எடை எதுன்னே பிரிக்க முடியாது.

கணக்கு பிஎம்ஐலதான், கிலோவ மீட்டர்ல இருக்குற உயரத்தோட வர்க்கத்தால வகுத்தா வர்றது. என் தங்கச்சிக்கு 29. உலக அளவுல 18.5க்கு கீழ இருந்தா ஒல்லி, 25க்கு மேல அதிக எடை, 30க்கு மேல உடல் பருமன். நம்ம ஊர் உடம்புக்கு இடுப்பச் சுத்தி கொழுப்பு சீக்கிரமே சேந்துடுறதால இங்க நிறைய டாக்டர்ங்க 23லயே உஷார் ஆயிடுவாங்க.

குழந்தைக்கிட்ட இருந்து எப்படி எடுக்குறாங்க? வலிக்குமா?

குழந்தைய தொடவே மாட்டாங்க. பிரசவம் ஆகி தொப்புள்கொடிய கட் பண்ணதுக்கு அப்புறம், கொடியில மிச்சம் இருக்குற ரத்தத்த ஊசியால இழுத்து ஊதா மூடி போட்ட ட்யூப்ல விடுவாங்க. அது எங்க லேபுக்கு ஐஸ்ல வரும். அத சுத்து மெஷின்ல போட்டு எடுத்தா மேல மஞ்சளா பிளாஸ்மா, கீழ அடர் சிவப்பு, ரெண்டுக்கும் நடுவுல பால் ஆடை மாதிரி ஒரு மெல்லிசு வெள்ளைப் படலம், அவ்ளோதான் நமக்கு வேணும், வெள்ளை அணுக்கள் அதுலதான் இருக்கு. கை கொஞ்சம் நடுங்குனா சிவப்போட கலந்துடும். நான் முதல் மாசம் பாழாக்குன ட்யூப் ஒவ்வொன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு, ஏன்னா ஒவ்வொன்னும் யாரோ ஒரு அம்மா பிரசவ வலிக்கு நடுவுல கையெழுத்து போட்டு குடுத்தது.

அதுல இருந்து டிஎன்ஏ பிரிச்சு பைசல்ஃபைட்னு ஒரு கெமிக்கல் போடுவோம். டிஎன்ஏவ ஏ, சி, ஜி, டின்னு நாலு இங்கிலீஷ் எழுத்தால குறிப்பாங்க, புள்ளி விழுறது "சி" மேலதான். புள்ளி இல்லாத "சி" எழுத்த அந்த கெமிக்கல் வேற எழுத்தா மாத்திடும், புள்ளி இருக்குற "சி"ய ஒன்னும் பண்ணாது. அப்புறம் சிப்ல வச்சு படிச்சா எங்கெங்க புள்ளி இருந்துச்சுன்னு தெரிஞ்சிடும். பல வருஷமா எல்லாரும் பயன்படுத்துன சிப் நாலரை லட்சத்துக்கும் மேல இடங்களப் படிக்கும். கேக்க பெருசா இருக்கும், ஆனா மனுஷ டிஎன்ஏவுல இப்படி புள்ளி விழக்கூடிய இடம் 2.8 கோடி கிட்ட இருக்கு, அதனால நாம பாக்குறது ரொம்ப சின்ன ஜன்னல் வழியாதான்.

சரி, அம்மா எடைக்கும் இந்தப் புள்ளிக்கும் நிஜமாவே தொடர்பு இருக்கா?

இருக்கு. ஆனா இங்கதான் நிதானமா படிக்கணும், ஏன்னா என் தங்கச்சிய அழ வச்ச அந்த வாக்கியம் இந்த ஆராய்ச்சிய பாதியில நிறுத்திப் படிச்சதால வந்தது.

பேஸ்னு ஒரு சர்வதேச கூட்டமைப்பு இருக்கு, பல நாட்டுல அம்மா குழந்தைங்கள பின்தொடர்ந்து போற ஆராய்ச்சிக் குழுக்கள் எல்லாம் டேட்டாவ ஒன்னா சேத்து பாக்குற அமைப்பு. 2017ல ஜெம்மா ஷார்ப் தலைமையில அவங்க 19 குழுக்கள்ல இருந்து 9,340 அம்மா குழந்தை ஜோடிகள எடுத்து அம்மாவோட பிஎம்ஐயையும் குழந்தையோட புள்ளிகளையும் ஒப்பிட்டாங்க. 9,044 இடத்துல தொடர்பு தெரிஞ்சுது. இந்த ஒரு நம்பர் மட்டும் வெளிய வந்தா பயமாத்தான் இருக்கும்.

ஆனா ரத்தத்துல பல வகை அணுக்கள் இருக்கு, ஒவ்வொரு வகைக்கும் புள்ளி வேற வேற மாதிரி. பச்சரிசியும் புழுங்கலரிசியும் கலந்த மூட்டைய நெனச்சுக்கோங்க, கலவை விகிதம் மாறுனா மூட்டையோட நிறமே மாறுன மாதிரி தெரியும், ஆனா ஒரு அரிசி கூட நிறம் மாறிருக்காது. அதே மாதிரி அம்மா எடையப் பொறுத்து குழந்தை ரத்தத்துல அணுக்களோட விகிதம் மாறிருந்தா அதுவும் புள்ளி மாறுன மாதிரி காட்டும். அத கணக்குல எடுத்து திரும்பப் பாத்தப்போ 9,044 வந்து 104 ஆயிடுச்சு, அதுல ரெண்டு கணக்குலயும் பொதுவா நின்னது 86 இடம்தான்.

அந்த 86 உறுதியானது. அதுல 72 இடத்துல, வளர்ந்த டீன் ஏஜ் பசங்ககிட்ட பாத்தப்பவும் தொடர்பு அதே திசையிலதான் இருந்துச்சு, அதாவது பிறந்தப்போ இருந்த சாயல் கொஞ்சம் தங்குது. இத நான் மறைக்க விரும்பல.

அந்த மாற்றம் எவ்ளோ பெருசு?

அம்மாவோட பிஎம்ஐ ஒன்னு கூடுனா, புள்ளி இருக்குற அளவு மாறுறது 0.2 சதவீதத்துக்கும் கம்மி.

அணுக் கணக்குல சொல்றேன். 1000 அணு எடுத்தா, ஒரு குறிப்பிட்ட இடத்துல அதுல இத்தனை அணுவுக்கு புள்ளி இருக்கும்னு ஒரு எண்ணிக்கை வரும். அம்மாவோட பிஎம்ஐ ஒன்னு கூடுனா அந்த எண்ணிக்கை 2 கூட மாறாது. என் தங்கச்சிக்கு 29, அவளுக்கு பதிலா 22 இருக்குற ஒருத்திய பக்கத்துல நிக்க வச்சா வித்தியாசம் 7, அப்போ 1000 அணுவுல 14க்கும் கம்மியான அணுவுலதான் வேறுபாடு. அதுவும் சராசரியா. தனி ஒரு குழந்தையோட ரிசல்ட்ட பாத்து அம்மா குண்டா ஒல்லியான்னு சொல்ல முடியாது.

அம்மா சிகரெட் பிடிச்சா குழந்தைக்கு என்ன ஆகுதுன்னு இதே கூட்டமைப்பு 2016ல 6,685 குழந்தைங்கள வச்சு பாத்தாங்க, அங்க 6,000க்கும் மேற்பட்ட இடத்துல மாற்றம், சில இடத்துல கண்ணுக்கு பளிச்சுனு தெரியிற அளவுக்கு. எடையோட கதை அந்த அளவுக்கு கிட்டயே வரல.

அப்போ அந்த 86 இடமும் கர்ப்பப்பைக்குள்ள நடந்ததாலதானே மாறுச்சு?

இல்ல, இதுதான் எல்லாரும் விட்டுடுற இடம்.

அம்மா எடையோட சேந்து வேற என்னென்னவோ குழந்தைக்குப் போகும். அம்மாவோட ஜீன், வீட்டுச் சாப்பாடு, வருமானம், புகை, எல்லாமே. இதுல வயித்துக்குள்ள நடந்தது எதுன்னு பிரிக்க ஒரு நல்ல வழி அப்பாவோட எடையையும் கூட வச்சு பாக்குறது. அப்பாவும் ஜீன் குடுக்குறார், அதே வீட்லதான் சாப்புடுறார், ஆனா குழந்தைய வயித்துல சுமக்கல. கர்ப்பப்பைதான் காரணம்னா அம்மாவோட எடைக்கு தொடர்பு அப்பாவ விட பலமா இருக்கணும். இந்த மாதிரி சோதிச்சுப் பாத்ததுல 86ல 8 இடத்துக்குத்தான் கர்ப்பப்பை காரணமா இருக்கலாம்ங்கிறதுக்கு ஆதாரம் கிடைச்சுது. இந்தச் சின்ன மாற்றங்கள கர்ப்பப்பைய விட ஜீனோ வாழ்க்கை முறையோ நல்லா விளக்கலாம்னு அந்த ஆராய்ச்சிக்காரங்களே எழுதிருக்காங்க.

ஆஸ்திரேலியாவுல அடிலெய்ட்ல லிமிட்னு ஒரு பெரிய ட்ரயல் நடந்துச்சு, அதிக எடை உள்ள கர்ப்பிணிகள்ல பாதிப் பேருக்கு மட்டும் சாப்பாடு, உடற்பயிற்சி பத்தி தனி ஆலோசனை. அதுல பிறந்த குழந்தைங்களோட கொடி ரத்தத்த பாத்து 2022ல வெளியிட்டாங்க, அம்மாவோட பிஎம்ஐக்கும் புள்ளிக்கும் தொடர்பு தெரியல, ஆலோசனையாலயும் புள்ளி மாறல.

இப்போ சொல்லுங்க, "உன் பிள்ளையோட ஜீனையே மாத்திடும்"னு எடை மெஷின் பக்கத்துல நின்னு சொல்ற அளவுக்கு இங்க என்ன இருக்கு?

நான் ஒல்லி, 42 கிலோதான். எனக்கு இந்தப் பிரச்சனை இல்லல்ல?

இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் நீளமா பதில் சொல்லப் போறேன், ஏன்னா குண்டா இருக்குறவங்கள மட்டும் எல்லாரும் திட்டுறாங்க, ஒல்லியா இருக்குறவங்கள யாரும் கண்டுக்குறதில்ல.

இங்கிலாந்துல பிரிஸ்டல் பக்கம் 1990களோட ஆரம்பத்துல கர்ப்பமா இருந்த பெண்கள்ல தொடங்கி இன்னிவரைக்கும் பின்தொடர்ற ஒரு ஆராய்ச்சி இருக்கு. அதுல ஆயிரத்து சொச்சம் ஜோடிகள வச்சு 2015ல வந்த முடிவுல, உடல் பருமன் உள்ள அம்மாக்களோட குழந்தைங்களுக்கு 28 இடத்துல வித்தியாசம், எடை கம்மியான அம்மாக்களோட குழந்தைங்களுக்கு 1,621 இடத்துல வித்தியாசம். எடை கம்மியா இருந்த அம்மாக்கள் அந்த ஊர்ல எண்ணிக்கையில குறைவு, அதனால 1,621ங்கிறத அப்படியே தூக்கிப் பிடிக்க வேணாம், ஆனா ஒல்லின்னா சேஃப்னு நினைக்க அதுல இடமே இல்ல.

பஞ்சத்துலயும் இதப் பாத்திருக்காங்க. 1944-45 குளிர்காலத்துல ஜெர்மன் படை தடுத்ததால நெதர்லாந்தோட மேற்குப் பகுதிக்கு சாப்பாடு போகல, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆயிரம் கலோரி கூட இல்லாம போச்சு. அந்தப் பஞ்சத்துல கருவானவங்கள அறுபது வருஷம் கழிச்சு அவங்க கூடப் பிறந்தவங்களோட ஒப்பிட்டு 2008ல வெளியிட்டாங்க, வளர்ச்சிக்கு முக்கியமான ஐஜிஎஃப்2ங்கிற ஜீன்ல புள்ளி கொஞ்சம் கம்மியா இருந்துச்சு. கர்ப்பத்தோட கடைசி மாசங்கள்ல பஞ்சத்துல மாட்டினவங்களுக்கு அந்த வித்தியாசம் இல்ல. ஆரம்ப நாட்கள்தான் முக்கியம்னு மேல சொன்னதுக்கு இது பெரிய சாட்சி.

நம்ம நாட்டுக்கு வந்தா புனே. 1990கள்ல சித்தரஞ்சன் யாக்னிக் குழு புனே பக்கத்துல ஆறு கிராமத்துல கர்ப்பத்துக்கு முன்னாடியே பெண்கள எடை பாத்து ஆராய்ச்சி ஆரம்பிச்சாங்க. அந்த அம்மாக்களோட சராசரி எடை 42 கிலோ, பிஎம்ஐ 18 கிட்ட. பிறந்த குழந்தைங்க சராசரியா 2.7 கிலோ, இங்கிலாந்துல சவுத்தாம்ப்டன் குழந்தைங்க 3.5 கிலோ. ஆனா தோல் மடிப்போட தடிமன அளக்குற ஸ்கின்ஃபோல்ட் முறைல முதுகுல தோளுக்குக் கீழ அளந்தா கொழுப்பு மட்டும் அவ்ளோவா குறையல, தசையும் வயித்து உறுப்புகளும்தான் நிறைய குறைஞ்சிருந்துச்சு. பாக்க ஒல்லிக்குச்சி, உள்ள கொழுப்பு, இதுக்கு "ஒல்லி குண்டு குழந்தை"ன்னே பேரு வச்சாங்க. அந்த அளவுகள் புள்ளிய எண்ணினது இல்ல, ஆனா நம்ம ஆளுங்களுக்கு சின்ன வயசுலயே ஏன் சுகர் வருதுன்னு கேட்டா இந்தக் கிராமங்களத்தான் நான் முதல்ல சொல்வேன்.

தமிழ்நாட்டுல இப்போ ரெண்டுமே ஒரே தெருவுல இருக்கு. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுல, 15ல இருந்து 49 வயசு பெண்கள்ல 40.4 சதவீதம் பேருக்கு பிஎம்ஐ 25 அல்லது அதுக்கு மேல, 12.6 சதவீதம் பேருக்கு 18.5க்கும் கீழ.

எலிக்கு சாப்பாடு மாத்துனா குட்டியோட நிறமே மாறுச்சாமே?

ஆமா, 2003ல வாட்டர்லேண்டும் ஜிர்ட்டிலும் பண்ணது. அகூட்டின்னு ஒரு வகை எலி, மஞ்சளா குண்டா இருக்கும். தாய் எலிக்கு கர்ப்பத்துக்கு முன்னாடியே ஃபோலிக் ஆசிட், பி12, கோலின், பீட்டைன் சேத்து குடுத்தப்போ பழுப்பு நிறக் குட்டிங்க அதிகமா பிறந்துச்சு. உண்மைதான், அழகான ஆராய்ச்சி. ஆனா அந்த எலிக்கு நிறத்த தீர்மானிக்கிற ஜீன் பக்கத்துல ஒரு விசேஷமான டிஎன்ஏ துண்டு வந்து உக்காந்திருக்கு, அதனாலதான் அவ்ளோ பெரிய மாற்றம். மனுஷங்களுக்கு அப்படியே பொருந்தாது.

அப்பாவோட எடை?

2013ல அமெரிக்காவுல வட கரோலினாவுல ஒரு சின்ன ஆராய்ச்சில குண்டான அப்பாக்களோட குழந்தைங்களுக்கு அதே ஐஜிஎஃப்2ல புள்ளி கம்மின்னு வந்துச்சு. 2021ல பேஸ் கூட்டமைப்பு பெரிய அளவுல பாத்தப்போ பெருசா ஒன்னும் நிக்கல. புள்ளி இருக்கட்டும், வீட்ல சமையல் மாறணும்னா ரெண்டு பேருக்கும் சேத்துதானே மாறணும், அவருக்கு தனியா எண்ணெய்ல பொரிச்சு வச்சுட்டு இவளுக்கு மட்டும் கஞ்சியா?

வெயிட் குறைக்கிற சர்ஜரி பண்ணிட்டு பெத்துக்கிட்டா நல்லதா?

கனடாவுல கியூபெக்ல ஒரே அம்மாவுக்கு சர்ஜரிக்கு முன்னாடி பிறந்த குழந்தைங்களையும் பின்னாடி பிறந்த குழந்தைங்களையும் ஒப்பிட்டாங்க, ரெண்டு பக்கமும் 25 பேர். 2013ல வந்த முடிவுல 5,698 ஜீன்ல புள்ளி வித்தியாசம். ஆனா 25 பேர்தான், அண்ணன் தம்பிக்குள்ள வயசும் வேற. ஜீனுக்காக யாரும் சர்ஜரிக்கு போகாதீங்க. உங்க சுகருக்கும் பிபிக்கும் தேவைன்னு டாக்டர் சொன்னா அது வேற, அப்படிப் பண்ணா ஒன்னு ஒன்றரை வருஷம் கழிச்சுதான் கர்ப்பம் தரிக்கச் சொல்வாங்க, பி12, இரும்பு எல்லாம் கம்மி ஆகாம பாத்துக்கணும்.

நான் ஏற்கனவே மூணு மாசம். இப்போ டயட் இருந்து குறைக்கவா?

வேணாம், தயவுசெஞ்சு பட்டினி கிடக்காதீங்க. கர்ப்பத்துல எடை குறைக்கிறது குறிக்கோள் இல்ல, ரொம்ப ஏறாம பாத்துக்கறதுதான். பல நாட்டுல பின்பற்றுற அமெரிக்கக் கணக்குப்படி ஒல்லியா இருந்தவங்க 12.5ல இருந்து 18 கிலோ, சரியான எடைல இருந்தவங்க 11.5 முதல் 16, அதிக எடை 7 முதல் 11.5, பருமன் 5 முதல் 9 கிலோ வரைக்கும் ஏறலாம்.

எடை அதிகமா இருந்தா கர்ப்பகால சுகர், பிபி ஏறி வர்ற ப்ரீஎக்ளாம்ப்சியா, சிசேரியன் எல்லாத்துக்கும் வாய்ப்பு கூடும். இது 0.2 சதவீத சமாச்சாரம் இல்ல, நல்லா நிரூபிச்சது, அத கவனிச்சுப் பாத்துக்க வழியும் இருக்கு. அதனால சுகர் டெஸ்ட்ட தவிர்க்காதீங்க. சாப்பிட்டிருந்தாலும் பரவால்ல, 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரே ஒரு ரத்தம், 140 தொட்டாலே கர்ப்பகால சுகர்னு எடுத்துப்பாங்க. நம்ம ஊர் அலைச்சலுக்கு ஏத்த மாதிரி இந்த எளிமையான முறைய கொண்டு வந்ததுல சென்னை டாக்டர் வி. சேஷையாவுக்கு பெரிய பங்கு உண்டு.

என்ன சாப்பிட்டா புள்ளி சரியாகும்?

புள்ளிக்குன்னு சாப்பாடு கிடையாது. ஆனா கர்ப்பத்துக்கு முன்னாடியே நல்லா சாப்பிட்டா என்ன ஆகும்னு மும்பைல பாத்திருக்காங்க. குடிசைப் பகுதில 6,500 பெண்களுக்கும் மேல சேத்து, பாதிப் பேருக்கு கீரை, பழம், பால் சேத்த சிற்றுண்டி தினமும், மீதிப் பேருக்கு உருளைக்கிழங்கு, வெங்காயம் மாதிரி சத்து கம்மியான சிற்றுண்டி. மொத்தமா பாத்தா குழந்தை எடைல வித்தியாசம் இல்ல. ஆனா கரு உண்டாகுறதுக்கு மூணு மாசம் முன்னாடியே சாப்பிட ஆரம்பிச்சவங்களுக்கு குழந்தை 48 கிராம் கூட. கர்ப்பகால சுகர் உருளைக்கிழங்கு சிற்றுண்டி சாப்பிட்டவங்க பக்கம் 100க்கு 12 பேர்னா கீரை சாப்பிட்டவங்க பக்கம் 7 பேர். இத நான் எல்லார்கிட்டயும் சொல்வேன்.

ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம், ட்ரை பண்றதுக்கு குறைஞ்சது ஒரு மாசம் முன்னாடியே ஆரம்பிக்கணும், குழந்தையோட மூளையும் தண்டுவடமும் உருவாகுற நரம்புக் குழாய் கரு உண்டாகி 28 நாளுக்குள்ள மூடிடும். எடை ரொம்ப அதிகம்னா டோஸ் கூட வேண்டியிருக்கலாம், டாக்டர்கிட்ட கேளுங்க. சைவமா இருந்தா பி12 கண்டிப்பா செக் பண்ணுங்க. புனேல ஃபோலேட் அதிகமாவும் பி12 கம்மியாவும் இருந்த அம்மாக்களோட குழந்தைங்களுக்கு ஆறு வயசுலயே இன்சுலின் சரியா வேலை செய்யல.

குழந்தைக்கு எபிஜெனடிக் டெஸ்ட் பண்ணிடலாமா?

இதுக்காக பண்ண வேணாம். ஆயிரக்கணக்கான குழந்தைங்களோட சராசரில தெரியிற வித்தியாசம் அது, ஒரு குழந்தைய பத்தி அது எதுவும் சொல்லாது. யாராவது பேக்கேஜ்னு வித்தா காச குடுத்துடாதீங்க.

வீட்ல மாமியார், நாத்தனார் எல்லாம் "உன் உடம்பாலதான்"னு சொல்றாங்க. என்ன சொல்றது?

2014ல நேச்சர் இதழ்ல சாரா ரிச்சர்ட்சனும் இன்னும் சில ஆராய்ச்சியாளர்களும் "அம்மாக்கள் மேல பழி போடாதீங்க"ன்னே தலைப்பு வச்சு எழுதினாங்க, இந்த மாதிரி எபிஜெனடிக்ஸ் செய்திகள ஊதிப் பெருசாக்கி எல்லாத்தையும் பெண்ணோட தலையில கட்டுறாங்கன்னு. எனக்கு அது நம்ம ஊருக்குன்னே எழுதின மாதிரி இருந்துச்சு. ஒரு பொண்ணோட கருமுட்டை எல்லாம் அவ தன் அம்மா வயித்துல இருக்கும்போதே உருவாயிடுது. அப்போ இப்போ பிறக்கப்போற குழந்தையோட பாதி, பாட்டி கர்ப்பமா இருந்தப்போ பாட்டி வயித்துக்குள்ளயே இருந்திருக்கு. பாட்டி அன்னிக்கு எல்லாரும் சாப்பிட்டு முடிச்சு மிச்சம் இருந்தத சாப்பிட்டிருந்தா அந்தக் கணக்கு யார்கிட்ட கேக்கிறது?

டாக்டர்கிட்ட போறப்போ என்ன கேக்கணும்?

என் தங்கச்சிக்கு நான் ஒரு துண்டு சீட்டுல எழுதிக் குடுத்தேன், பிபி, சுகருக்கு எச்பிஏ1சி, தைராய்டு, ஹீமோகுளோபின், பி12, ருபெல்லா தடுப்பூசி போட்டாச்சா, ஃபோலிக் ஆசிட் எவ்ளோ டோஸ், இப்போ சாப்பிடுற மாத்திரைல எதையாவது நிறுத்தணுமா. எடைய தனி ரூம்ல பாக்கச் சொல்லலாம்னும் சேத்து எழுதினேன். வேற இடத்துல காட்டினா, பி12 கம்மி, தைராய்டு கொஞ்சம் ஏறிருந்துச்சு, ரெண்டுக்கும் மருந்து ஆரம்பிச்சாச்சு. இப்போ சாயங்காலம் அவளும் மாப்பிள்ளையும் சேந்து நடக்குறாங்க, எடை 67க்கு வந்திருக்குன்னு நேத்து மெசேஜ் போட்டிருந்தா.